டெம்ப்ளேட்டுக்குள் எதைப் போடக் கூடாது

புது மென்பொருள் ப்ராஜெக்ட் என்றதும், தயார் ஃபைல்கள் அடங்கிய டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவதா, வெறும் ஃபோல்டரிலிருந்தா என்று டீமில் ஒரு சண்டை வரும். பேச்சு முழுக்க முதல் நாள் மிச்சமாகும் நேரத்தைப் பற்றியே இருக்கும். ஆறு மாதம் கழித்து டெம்ப்ளேட்டில் ஒரு ஓட்டையை அடைத்தால், அதிலிருந்து ஏற்கெனவே பிறந்த ப்ராஜெக்ட்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேருமா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் டெம்ப்ளேட் ரெப்போவை (ப்ராஜெக்ட் களஞ்சியத்தை) எடுத்துக்கொள்ளுங்கள். பட்டனைத் தட்டினால் ஃபைல்கள் வரும், பழைய கமிட் (பதிவான மாற்றங்கள்) வரலாறு வராது. பிறகு மூல ரெப்போவை ரிமோட்டாகச் (இணைத்த வெளி ரெப்போவாக) சேர்த்து மெர்ஜ் செய்யப் போனால், தொடர்பில்லாத வரலாறு என்று கிட் (மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) கையை விரித்துவிடும். கட்டளையோடு ஒரு ஃபிளாக் போட்டுக் கட்டாயப்படுத்தலாம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான கமிட் இல்லாததால், வேறுபடும் ஃபைல் ஒவ்வொன்றும் கான்ஃப்ளிக்ட் (முரண்) ஆகி நிற்கும். டெம்ப்ளேட்டிலிருந்து ப்ராஜெக்ட் உருவாக்கும் குக்கிகட்டர் என்ற கருவியும் ஒருமுறை அச்சடித்துக் கொடுப்பதோடு சரி.

அதே வேலைக்கான காப்பியர் என்ற கருவி வேறு ரகம். உருவாக்கும்போது அது கேட்கும் கேள்விகளுக்கு நாம் கொடுத்த பதில்களும் டெம்ப்ளேட்டின் பதிப்பும் ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு யாமல் ஃபைலில் இருக்கும். அப்டேட் ஓட்டும்போது பழைய பதிப்பை மறுபடி உருவாக்கி, நாம் அதற்குமேல் செய்த மாற்றங்களைப் பிரித்தெடுத்து, புதிய பதிப்பின்மேல் போடும். இரண்டு இடத்தில் சறுக்கும்: அந்தப் பதில் ஃபைல் தானாக வராது, டெம்ப்ளேட்டில் நாம்தான் வைக்க வேண்டும், டெம்ப்ளேட் ரெப்போவில் ஒழுங்காக டேக் (பதிப்பு முத்திரை) போட்டிருக்க வேண்டும். பதில் ஃபைலைக் கையால் திருத்தினால் கணக்கே தப்பிவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது, 'போன ப்ராஜெக்ட்டை காப்பி பண்ணு' என்கிற பெயரில்லாத டெம்ப்ளேட். ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளை கொடுத்தால், கையொப்பமிடப் பயன்படும் சீக்ரெட் கீ ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்தால் பழைய கீயும் கூடவே வரும். செஷனை (லாகின் நிலை போன்றவற்றை) கையொப்பமிட்ட குக்கியில் வைக்கும் ப்ராஜெக்ட்கள் என்றால், ஒன்றில் கீ கசிந்தாலே மற்றதிலும் போலி செஷன் தயாரிக்கலாம். அனலிட்டிக்ஸ் ஐடி, பேக்கேஜ் பெயர், டிபெண்டன்சிகளின் (சார்ந்திருக்கும் பேக்கேஜ்களின்) பதிப்புகளைப் பூட்டிவைக்கும் பழைய லாக் ஃபைல் எல்லாம் இதே வழியில்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

டெம்ப்ளேட்டில் இருக்க வேண்டியவை விளிம்புகள் மட்டும்: கிட்இக்னோர், ஃபார்மேட்டர், சிஐ (தானாக ஓடும் சோதனை) ஃபைல், டாக்கர் ஃபைல், ரீட்மீ எலும்புக்கூடு. லிண்ட் (கோடில் தவறுகளைச் சுட்டிக்காட்டும்) விதிகளை அதிலும் வைக்க வேண்டாம். தனி பேக்கேஜாக்கிவிட்டால் பதிப்பு எண்ணை ஏற்றுவதோடு வேலை முடிந்தது. லாகின், கட்டணம், தொழில் சார்ந்த ஃபோல்டர் அமைப்பு ஆகியவற்றை அந்தந்த ப்ராஜெக்ட்டில் கையால் கட்டுவதே மேல். அவை முதல் வாரம் ஒன்றுபோல் தெரியும், மூன்றாம் மாதம் ஆளுக்கொரு திசையில் போயிருக்கும்.

எப்போது டெம்ப்ளேட் ஆக்குவது? ஒரே வகை ப்ராஜெக்ட் மூன்றாவதாக வரும்போது. இரண்டை வைத்து எது பொது, எது தற்செயல் என்று சொல்ல முடியாது. டெம்ப்ளேட் கேட்கும் கேள்விகளையும் அடக்கி வையுங்கள். ஆம்-இல்லை கேள்வி 6 இருந்தாலே 64 சேர்க்கைகள்; அத்தனையையும் யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை, உடைவது எப்போதும் பார்க்காத சேர்க்கைதான்.

வாரம் ஒருமுறை டெம்ப்ளேட்டிலிருந்து ஒரு ப்ராஜெக்ட்டைப் புதிதாக உருவாக்கி, டிபெண்டன்சிகளை நிறுவி, டெஸ்ட் ஓட்டும் ஒரு சிஐ வேலையைப் போட்டு வையுங்கள். அது தோல்வி காட்டிச் சிவப்பாகக் கிடந்தும் இரண்டு வாரம் யாரும் தொடவில்லையா, அந்த டெம்ப்ளேட்டை ஆர்க்கைவ் செய்துவிடலாம்.