கரண்டி பிடித்த பிள்ளைகளைப் பற்றி

மலையகத் தோட்டப் பாடசாலையொன்றில் பிள்ளைகள் கரண்டி பிடித்துச் சுவர் கட்டுகிற அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். "பேனா பிடிக்க வேண்டிய கையில் மேசன் கரண்டியா?" என்ற வரியோடு அது உங்கள் எல்லோருடைய பக்கங்களையும் சுற்றி வந்துவிட்டது. வேறொரு தோட்டப் பாடசாலையில் அதே கட்டட நிர்மாணப் பாடத்தைக் கற்பிப்பவன் என்பதால், சிலர் அதை எனக்கும் அனுப்பி, "இதற்கு என்ன சொல்கிறீர்கள், சேர்?" என்று கேட்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் செய்துகொண்டிருந்தது கூலி வேலை அல்ல, பாடம். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில், விருப்பப் பாடங்களின் மூன்றாம் தொகுதியின் கீழ் வருகின்ற, அரசாங்கம் பாடநூல் அச்சிட்டுக் கொடுக்கின்ற வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் என்ற பாடம். கண்டிப் பட்டணத்துப் பிள்ளைக்கும் பொகவந்தலாவைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே நூல்தான், அதே வினாத்தாள்தான்.

பாடசாலைக்குப் பிள்ளைகளை வைத்து இலவசமாக மதில் கட்டுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். படத்தை அவர் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அந்தச் சுவருக்கு அத்திவாரமே இல்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு மூலை மட்டும் நிற்கிறது. செயன்முறைக்காகக் கட்டும் சுவரில் சீமெந்துக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தையே பூசுவோம். புள்ளி போட்ட பிறகு பிரித்து, கல்லைச் சுரண்டி, அடுத்த வகுப்புக்கு அடுக்கி வைப்போம். அத்திவாரமில்லாத சுண்ணாம்புச் சுவரைக் கொண்டு எந்த அதிபரும் மாளிகை எழுப்பிவிட முடியாது என்பதை அந்த அன்பர் தாராளமாக நம்பலாம்.

இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், ஆங்கிலக் கட்டு என்ற கல் அடுக்கும் முறையில் ஒரு மூலையைத் தங்கள் கையால் முடித்துக் காட்டட்டும். ஒரு வரியில் கல்லின் நீளப்பக்கமும் அடுத்த வரியில் தலைப்பக்கமும் முகத்தில் தெரிய வேண்டும். ஒரு வரியின் நிலைக்குத்து மூட்டுக்கு நேர்மேலே அடுத்த வரியின் மூட்டு வந்துவிடக் கூடாது. அதற்காக மூலைக்கல்லை அடுத்து, நீளவாக்கில் பாதியாக வெட்டிய துண்டொன்றை வைக்க வேண்டும். அந்தத் துண்டு ஏன் என்று புரியாமல் வைக்கிற பிள்ளை மூன்றாவது வரியில் தடுமாறி நிற்பான். மூன்றடி, நான்கடி, ஐந்தடி அளந்து செங்கோணம் பிடிக்கும்போதுதான், கணித பாடத்தில் மனனம் செய்த பைதகரசு அவனுக்கு உண்மையாகவே விளங்குகிறது. கல்லை ஏன் நனைத்து வைக்கிறோம், காய்ந்த கல் சாந்தின் நீரை எப்படி உறிஞ்சிவிடுகிறது என்பதெல்லாம் விஞ்ஞானம் இல்லையென்றால் வேறு எது விஞ்ஞானம்?

என் அப்பா மேசன். கொழும்பில் பல கட்டடங்களில் அவர் வைத்த வரிகள் இன்றும் இருக்கின்றன. தூக்குக்குண்டு விட்டால் நூலிழை பிசகாது. ஆனால் வரைபடம் வாசிக்க அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, கையில் ஒரு துண்டுச் சான்றிதழும் இல்லை. அவரிடம் வேலை பழகிய பையன்கள், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒரே காரணத்தால், அவருக்கு மேலே மேற்பார்வையாளர்களாக நின்றார்கள். அவர் கடைசி வரையில் நாட்கூலிதான். அவரைக் கூலியாக வைத்திருந்தது கரண்டி என்று எனக்குச் சொல்லாதீர்கள். நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற அளவுத்திட்டமும் கணிய மதிப்பீடும் அவருடைய பதினாறாவது வயதில் கிடைத்திருந்தால், எங்கள் வீட்டுக் கதை வேறு.

"நம் பாட்டன்மாரைக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள், பேரப்பிள்ளைகளையும் அதே வழியில் தள்ளுகிறீர்களா?" என்பதுதான் அதிகம் பேர் விருப்பக்குறி இட்ட கருத்து. மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் போதாது என்பது உண்மை, அதற்காகக் கொடி பிடியுங்கள், நானும் வருகிறேன். ஆனால் இந்தப் பாடத்தைப் படித்த பிள்ளைக்கு, 2013இல் தொடங்கிய உயர்தரத் தொழினுட்பப் பிரிவு திறந்திருக்கிறது. பரீட்சையில் தவறிய பிள்ளைக்குக்கூட, 2017இல் தெரிவுசெய்யப்பட்ட பாடசாலைகளில் ஆரம்பித்த பதின்மூன்று வருடக் கல்வியின் தொழிற்பிரிவு இருக்கிறது, அதன் முடிவில் தேசிய தொழில் தகைமை பெறலாம். இவை இல்லாமல் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளின் படத்தை ஏன் ஒருவரும் பகிர்வதில்லை? கரண்டியோடு எடுத்த படம்தான் உங்கள் மானத்தைத் தொடுகிறதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையகத் தோட்டங்களுக்கு இந்திய உதவியில் 4,000 வீடுகள் என்றார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டில் மோடி வந்து மேலும் 10,000 என்றார். லயம் என்ற வரிசை அறைகளை விட்டுத் தனிக் காணிக்கு வருகிற குடும்பம், பின்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டாமல் இருக்கப்போவதில்லை. அதற்காக மேட்டை வெட்டி, தண்ணீர் வெளியேறத் துளை விடாமல் தாங்குசுவர் எழுப்பினால், ஐப்பசி மழையில் மண்ணுக்குள் ஊறிய நீரே அந்தச் சுவரைத் தள்ளிவிடும். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவைப் பார்த்த நாம், மண்ணும் நீரும் மலைச்சரிவில் என்ன செய்யும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தயங்குகிறோம், ஏனென்றால் அந்தப் பாடத்தில் கையில் சேறு படுகிறது.

இவ்வளவு கொதிப்போடு ஏன் எழுதுகிறேன் என்றால், கருத்துப் பகுதியில் "மேசன் வேலைக்குத்தான் லாயக்கு" என்று சிரித்தவர்களில் இருவரின் வீடுகளைக் கட்டியவரை எனக்குத் தெரியும். பேசிய கூலியில் கடைசியில் குறைத்துக் கொடுத்தார்கள். அவருக்குத் தேநீர் கொடுத்த கோப்பையைத் தனியாக வைத்திருந்தார்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது அவரை அழைக்கவும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் என் மாணவர்களின் கௌரவத்துக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். மேசன் வேலை இழிவு என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பாடசாலை கற்பிக்கவில்லை, நீங்கள் கற்பித்தீர்கள்.

அரசியல் நோக்கத்தோடு எழுதுகிறேன் என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் பிள்ளைகள் நின்றார்கள் என்று சுட்டிக்காட்டிய ஒரேயொரு தங்கைக்கு மட்டும் நன்றி. அது நியாயமான குறை, கையுறையும் சப்பாத்தும் வாங்கித் தர முன்வருபவர்கள் அந்தப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தோடு பேசலாம்.

படத்தைப் பகிர்ந்தவர்கள் பிள்ளைகளின் முகத்தையாவது மறைத்திருக்கலாம். நீல நிற நூலைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் மாணவி, கேலி தாங்காமல் பாடத்தை மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறாள் என்று அந்தப் பாடசாலையின் ஆசிரியர் நேற்று என்னிடம் சொன்னார். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் சில மாதங்களே இருக்கின்றன, இனி வேறு பாடம் எடுக்க அவளுக்கு வழியில்லை. தயவுசெய்து இன்றிரவுக்குள் அந்தப் பதிவுகளை நீக்கிவிடுங்கள்.