11 இலட்சமாம்!

யாழ்ப்பாணத்தில் என் வீட்டு முற்றத்தில், என் மனைவி போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே அந்தத் தரகர் என் காருக்குச் சொன்ன விலை. 1998ஆம் ஆண்டு நிசான் மார்ச். இதே மனிதர்தான் 2021 கடைசியில் இதே காரை 19 இலட்சத்துக்கு என் தலையில் கட்டினவர். "தம்பி, 2020 பங்குனியோட இறக்குமதி நிண்டுபோச்சு, யப்பான் இரும்பு, வச்சிருக்க வச்சிருக்க விலை ஏறும்" என்றார் அன்றைக்கு.

நேற்றுப் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்றரைக்கு வந்தார். வந்தவர் பொனற்றைத் திறக்கவில்லை, சட்டைப் பையிலிருந்து காந்தம் ஒன்றை எடுத்தார். கதவு கதவாக வைத்து வைத்துப் பார்த்து, பின் மட்காட்டில் காந்தம் ஒட்டாமல் வழுக்கியதும் "புட்டி" என்றார், அதாவது நெளிவை மறைக்க இரும்புக்கு மேல் அப்பின பசை. அந்தப் புட்டி அவர் எனக்கு விற்ற அன்றும் அங்கேதான் இருந்தது, அன்றைக்கு அதற்குப் பெயர் "சின்ன ரச்சப்". அப்புறம் ரயரில் உள்ள நாலு இலக்கத்தைத் தடவி எந்த வருசத்து ரயர் என்று பார்த்தார், டிக்கி விரிப்பைக் கிளப்பிக் கறள் தேடிப் பிடித்தார், ஓயில் பார்க்கிற கம்பியை இழுத்து மணந்தார், ஏசியைப் போடச் சொல்லி "காஸ் காணாது" என்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ம்ம்". முக்கால் மணித்தியாலம் இந்த "ம்ம்"மைக் கேட்டுக்கொண்டு வெயிலில் நின்றேன்.

"அண்ணை, அண்டைக்கு வேற மாதிரிச் சொன்னீங்களே" என்றால், "அது அப்ப தம்பி, 2025 மாசியில இறக்குமதி திறந்தாச்செல்லோ" என்கிறார். திறந்தால் என்ன? வரியெல்லாம் கட்டி வருகிற புதுக் காரை வாங்க வழியில்லாத ஆட்கள்தானே மார்ச்சைத் தேடுகிறார்கள்! இவ்வளவு பழைய காருக்குப் பெரும்பாலும் லீசிங் (தவணைக் கடன்) கொடுக்கமாட்டார்கள், முழுக் காசும் எண்ணி வைக்கவேண்டும், அதனால் வாங்குகிற ஆட்கள் குறைவு, சரி. நம்பரில் இங்கிலீஷ் எழுத்து இல்லை, அதாவது பழைய பதிவு, அதுவும் சரி. இதெல்லாம் நான் 19 கொடுத்த அன்றும் அப்படித்தானே இருந்தது? அன்றைக்கு டொலர் 200 ரூபாய், இப்போது 300க்கு மேல். காசின் பெறுமதி விழுந்ததையும் சேர்த்துப் பார்த்தால் நெஞ்சு எரிகிறது.

1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள்ளே பெற்றோல் இல்லாமல் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. இங்கே ஓடுகிற காருக்கு வயது பார்ப்பதா? 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கியபோது, அந்த 20 லீற்றரில் அம்மாவைக் கிளினிக்குக்கும் பிள்ளைகளை ரியூசனுக்கும் ஏற்றி இறக்கினது இந்தக் கார்தான். ஒருநாள் நடுத்தெருவில் விட்டதில்லை.

பொறுங்கள், இனித்தான் விசயம். ராத்திரி என் மச்சானைக் கொண்டு அதே தரகருக்குப் போன் எடுத்து, மார்ச் ஒன்று தேவை என்று கேட்கச் சொன்னேன். "இருக்குத் தம்பி! வாத்தியார் ஒராள் பொத்திப் பொத்தி ஓடின கார், கறள் ஒரு பொட்டும் இல்லை, ஏசி ஐஸ் மாதிரி, 18 சொல்லுறார்" என்கிறார்.

அந்த வாத்தியார் நான்!

18ஐ நான் எப்போது சொன்னேன்? கறள் எங்கே போனது? புட்டி எங்கே போனது? மத்தியானம் காணாத காஸை ராத்திரிக்குள் யார் அடித்தது? நான் இன்னும் விற்கவே இல்லை, அதற்குள் என் காரில் 7 இலட்சம் பார்க்கிறார்!

போகும்போது கேற்றையாவது சாத்திவிட்டுப் போனாரா? இல்லை. தெருமாடு உள்ளே வந்து அம்மா ஆசையாய் வளர்த்த செவ்வரத்தையை அடியோடு தின்றுவிட்டது. மாட்டை அவிழ்த்துவிட்டு ஊர் முழுக்க மேய விடுகிற அந்த ஆட்களை முதலில் பிடித்துக் கேட்கவேண்டும்.