எங்கள் அப்பாக்கள் சோம்பேறிகள் அல்லர்

இலங்கை மலையகப் பாடசாலையொன்றில் நடந்த அந்தப் பரிசளிப்பு விழாப் பேச்சு இந்நேரம் உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்திருக்கும். அதை இங்கே முழுதாக எழுதி இன்னும் நாலு பேரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு மனமில்லை. தேயிலைத் தோட்டத்து ஆண்கள் குடித்துவிட்டுக் கிடந்தார்கள், பெண்கள்தான் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள் என்ற அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அந்த வரிக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களின் அப்பாக்கள் மண்டபத்தின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். பேசியவரும் லயம் என்ற தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். வெளியிலிருந்து வந்த ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

என் அப்பா சோம்பேறி அல்லர். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் கவ்வாத்து வெட்டினார். கவ்வாத்து என்றால் என்னவென்று நம் பிள்ளைகளிலேயே பலருக்கு இன்று தெரியாது. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரு மலையின் தேயிலை முழுவதையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்க வேண்டும். வெட்டு சாய்வாக விழ வேண்டும். மழைத்தண்ணீர் அதில் தேங்கினால் தூர் அழுகிப்போகும். கத்தி கொஞ்சம் பிசகினாலும் கிளை பிளந்துவிடும். குனிந்த முதுகோடு, காலில் அட்டை ஏற, இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, தூரில் படிந்த பாசியையும் சுரண்டியபடி வரிசை வரிசையாகப் போக வேண்டும். அதுவும் செங்குத்துச் சரிவில். இன்று சுற்றுலா வருகிறவர்கள் நின்று படமெடுக்கும் அந்தப் பச்சைப் பரப்பு சமமாகத் தெரிவதற்கு, அதன் அடியில் யாரோ ஓர் அப்பா வெட்டிய வெட்டு இருக்கிறது. படத்தில் கூடையோடு ஒரு பெண் சிரிப்பார். கத்தியோடு குனிந்திருக்கும் ஆணை யாரும் படமெடுப்பதில்லை.

"ஆண்கள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்களே" என்பீர்கள். வருவார்கள். கவ்வாத்தும், வடிகால் வெட்டும் கானும், மண்ணைக் குத்திக் கிளறும் முள்ளுக்குத்தும் கணக்கு வேலை. இத்தனை என்று கொடுத்ததை முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். மழை ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியற்காலையிலேயே வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போனவர், இடையில் உட்காராமல் முடித்துவிட்டு வருகிறார். வரும்போது தோளில் மிலாறுக் கட்டு. அந்த விறகில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. வந்ததும் பீலியில் தண்ணீர் பிடித்து வைப்பார், தம்பியைப் பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்திலிருந்து தூக்கி வருவார், ரொட்டி தட்டுவார். பிறகு போத்தலில் தேநீர் ஊற்றிக்கொண்டு அம்மா நிற்கும் மலைக்கு ஏறுவார். சாயங்காலம் கொழுந்து மூட்டையைத் தானே சுமந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுவருவார். இதற்கெல்லாம் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பெயர் விழாது. அதனால் இதெல்லாம் நடக்கவேயில்லை என்று ஆகிவிடுமா?

அப்பாவின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போட்ட நாளிலும் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சுடச்சுடப் பேசமாட்டார். கொஞ்ச நேரம் வீட்டுக்குப் பின்னால் கரட் பாத்தியில் களை பிடுங்கிவிட்டு வருவார், அவ்வளவுதான். சம்பளக் காசை எண்ணாமல் அம்மாவிடம் கொடுப்பார். நான் பரீட்சைக்குப் படித்த இரவுகளில் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். பத்தடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமான காம்பராவில் விளக்கெரிந்தால் மற்றவர்கள் தூங்க முடியாது. அதனால் தூங்க வேண்டியவர் வெளியே போய்விடுவார். மஸ்கெலியாக் குளிரில். அந்த மனிதரைத்தான் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

பெண்களின் உழைப்பை மறைக்கப் பார்க்கிறாயா என்று ஒரு தங்கை உட்பெட்டியில் கேட்டிருக்கிறார். இல்லை, தங்கையே. 1984 வரைக்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான். மனைவியின் சம்பளத்தைக் கணவன் போய் வாங்கிவந்த காலமும் இருந்தது. என் தாத்தாவே அப்படி வாங்கியவர்தான், அப்பாயி சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினார். அதெல்லாம் அநீதி. ஆனால் அம்மாவை உயர்த்துவதற்கு அப்பாவைத்தான் மிதித்து ஏற வேண்டுமா? என் அம்மா அந்தக் காணொளியைப் பார்த்தார். தன்னைப் புகழ்ந்த பகுதியில் அவர் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. "இவர் எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது குடி. தோட்டத்தில் குடி இல்லை என்று நான் சொல்லவேயில்லை. எங்கள் லயத்திலேயே குடித்துக் குடும்பத்தை அழித்தவர்கள் இருந்தார்கள், அடி வாங்கிய பெண்களை எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், பாடசாலை வராத இடத்துக்கெல்லாம் தவறணை என்ற மதுக்கடை மட்டும் எப்படி வந்தது? சாராயக் குத்தகையில் வெள்ளைக்கார அரசு பார்த்த வருமானத்தைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. குடித்தவன் குடித்தான், அவனைத் திட்டுங்கள். குடிக்காத என் அப்பாவை ஏன் அதே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள்?

இன்னொன்றும் என் மனதை அறுக்கிறது. 2023இல் நம் மக்கள் மலையகத்துக்கு வந்த 200 வருடத்தை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். காட்டு வழியில் செத்து விழுந்த முன்னோருக்காக அழுதார்கள். நானும் அழுதேன். முப்பாட்டனுக்கு மாலை போடுகிறோம். நாற்காலியில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாக்களை மட்டும் சோம்பேறிகள் என்கிறோம். கையுறையோ முகமூடியோ இல்லாமல் முதுகில் தாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்தடித்தவர்களுக்கு அந்த இருமல் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் என்ன?

எங்கள் பூட்டன், தாத்தாவின் அப்பா, துறையூர்ப் பக்கத்திலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர். தாத்தா இங்கேதான் பிறந்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தாத்தாவிடம் கேட்ட கேள்வியே உன் தகப்பன் எங்கே பிறந்தான் என்பதுதான். பூட்டன் இங்கே பிறக்காததால் நாங்கள் நாடற்றவர்களானோம். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தாவின் தம்பி ஹட்டனில் அழுகைக் கோச்சி என்ற ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் அதே தேயிலைக்குள்தான் போய் நின்றார். தாத்தாவும் இந்தியா போக எழுதிக் கொடுத்தவர்தான். போவதற்குள் யுத்தம் வந்து 1984இல் கப்பல் நின்றுவிட்டது.

சிறிமா காலத்துப் பஞ்சத்தில், கோதுமை மாவும் கிடைக்காத அந்த நாட்களில், பதினான்கு வயதில் அப்பா பள்ளியை விட்டு நின்று பேர் பதிந்தார். நன்றாகப் படிப்பாராம். அதை அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை, அத்தை சொல்லித்தான் தெரியும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவர் இந்த நாட்டின் பிரசையானார். அப்போது அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை எந்த ஊருக்கும் சொந்தமில்லாத மனிதராக ஒவ்வொரு காலையும் எழுந்து, இந்த நாட்டின் ஏற்றுமதிக்காகக் கவ்வாத்து வெட்டினார்.

ஒரு பேச்சுக்கு இவ்வளவு கோபமா என்று நண்பர் ஒருவர் கேட்டார், நல்ல நோக்கத்தில் சொன்னதுதானே என்றார். நோக்கம் நல்லதாக இருக்கட்டும். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற கோவிந்தனும், 1977இல் டெவன் தோட்டத்தில் காணி பறிபோவதை எதிர்த்த கூட்டத்தில் சுடப்பட்டு விழுந்த சிவனு லெட்சுமணனும் தோட்டத்து ஆண்கள்தாம். அவர்கள் எந்தத் தவறணையில் கிடந்தார்கள்? நல்ல நோக்கமுள்ளவர்கள் அந்தப் பெயர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

அப்பா இறந்து சில வருடங்களாகின்றன. அவருக்கு இந்தப் பேச்சு கேட்காது. ஆனால் அன்று மண்டபத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. பேசியவர் அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதே பாடசாலையில், அதே பிள்ளைகளுக்கு முன்னால். "யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை" என்று நேற்று ஒரு விளக்கம் போட்டிருக்கிறாரே, அது போதாது. குறிப்பிட்டுச் சொல்லாததுதான் பிழை. எல்லோர் மீதும் அது விழுந்துவிட்டது.

பின்னூட்டத்தில் என்னோடு சண்டை போட வருகிறவர்கள் வரலாம், பதில் சொல்வேன். மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பா தோட்டத்தில் என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள். கவ்வாத்தா, கானா, மருந்தா, ஸ்டோர் என்ற தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலையா, எந்த மலை, எந்தக் கங்காணியின் கீழ் என்று எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அச்செடுத்து அந்தப் பாடசாலை அதிபரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.