"ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்"னு சொல்லிட்டு அதோட நிறுத்திடாதீங்க

சோவியத் காலத்து டைரக்டர் பரஜானவோட 'மாதுளையின் நிறம்' (The Color of Pomegranates) படத்த நண்பர்கள் சிலபேர் சேந்து பாத்தோம். படம் முடிஞ்ச உடனே ஆரம்பிச்ச வாக்குவாதம் வாட்ஸப் வரைக்கும் வந்து இன்னும் அடங்கல. பாதிப்பேர் "ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம், அப்படியே பிரிண்ட் போட்டு மாட்டலாம்"ங்கறாங்க. மீதிப்பேர் "கதை இல்ல, வசனம் இல்ல, கேமரா அசையவே மாட்டேங்குது, யாராச்சும் எதையாச்சும் கையில வச்சிக்கிட்டு நம்மளயே பாத்துக்கிட்டு நிக்கறாங்க, இத எதுக்கு ஒண்ணேகால் மணி நேரம் பாக்கணும்"னு கேக்கறாங்க.

எனக்கு அந்தப் படம் உயிர். ஆனா எனக்கு வருத்தமெல்லாம் படத்தப் புகழறவங்க மேலதான். புடிக்கலன்னு சொன்னவங்களாவது எந்த எடத்துல கடுப்பானாங்கன்னு சொன்னாங்க, கேமரா அசையலன்னு கவனிச்சிருக்காங்க, நடிக்கறவங்க நேரா நம்ம கண்ணப் பாக்கறத கவனிச்சிருக்காங்க. புகழ்ந்தவங்க ஓவியம், கவிதை, மாஸ்டர்பீஸ்னு மூணு வார்த்தைய போட்டுட்டுப் போயிட்டாங்க. அழகா இருக்குன்னு சொன்னா மட்டும் போதுமா? எது அழகா இருந்துச்சு, அந்த அழகு உங்கள என்ன பண்ணுச்சு?

படத்துல ஒரு எடம் வரும். பெரிய மழை, மடத்துல இருக்கற புத்தகமெல்லாம் நனஞ்சு போகுது. அந்த தடிமனான பழைய புத்தகங்கள ஒண்ணுமேல ஒண்ணா வச்சு மேல கல்ல வச்சு அழுத்தறாங்க, ஓரத்துலேந்து தண்ணி வழியுது. அப்புறம் கூரை மேல தூக்கிட்டுப் போய் வரிசையா விரிச்சு காய வைக்கறாங்க, காத்துல அத்தன பக்கமும் ஒரே நேரத்துல படபடன்னு அடிக்குது, நடுவுல அந்தச் சின்னப் பையன் படுத்துக் கெடக்கறான். பின்னால பெரிய கவிஞனா ஆகப்போற பையன் அவன், 18ஆம் நூற்றாண்டு ஆர்மீனியக் கவிஞர் சயத் நோவா. இதுக்கு மேல அந்தப் பையனுக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவ எந்த வசனத்துல எழுதறது? இத வெறும் ஓவியம்னு சொன்னா காத்து எங்க போச்சு, அந்தச் சத்தம் எங்க போச்சு, தண்ணி வழியற நேரம் எங்க போச்சு? சுவத்துல மாட்டினா அதுல ஒண்ணுமே மிஞ்சாது. இங்க கதைய சொல்றதே அந்தக் காட்சிதான், கதைக்கு மேல போட்ட அலங்காரமா அதப் பாத்தா படம் கைய விட்டுப் போயிடும்.

இன்னொண்ணு. நெறைய பேர் கேட்ட கேள்வி, "அந்தப் பையனும் அந்தப் பொண்ணும் ஏன் ஒரே மாதிரி இருக்காங்க, யாரு யாருன்னே தெரியல". சரியாத்தான் பாத்திருக்காங்க! சோஃபிகோ சியாவுரேலிங்கற ஒரே நடிகைதான் இளம் கவிஞனாவும் வர்றாங்க, அவன் காதலிக்கற பெண்ணாவும் வர்றாங்க, இன்னும் சில பாத்திரத்துலயும் அவங்கதான். காதலிக்கறவனுக்கும் காதலிக்கப்படறவளுக்கும் ஒரே முகம். குழப்பம்னு அவங்க சொன்னது டைரக்டர் வேணும்னே வச்ச விஷயம், இன்னும் ஒரு நிமிஷம் அந்தக் குழப்பத்துக்குள்ளயே உக்காந்திருந்தா படம் அங்க தொறந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். "உனக்கு ரசனை பத்தல"னு அவங்களப் பாத்து சொன்னவங்களுக்கு இது ஒரே நடிகைன்னே தெரியல, அதுதான் கோவம் எனக்கு.

அதுக்காக புரியலன்னு சொல்றதுல நியாயமே இல்லன்னு நான் சொல்ல வரல. நெறைய நியாயம் இருக்கு. சயத் நோவா யாருன்னு படம் சொல்லாது. சடங்கு, உடை, தேவாலயம், பாட்டு எல்லாம் ஆர்மீனியாவுல பொறந்து வளந்தவங்களுக்கு பாத்த உடனே பிடிபடும், நமக்கு அப்படி ஆகாது. இது ஒரு கவிஞனோட வாழ்க்கை வரலாறு கெடையாது, அவனோட மன உலகத்த காட்டற முயற்சின்னு ஆரம்பத்துலயே எழுத்துல போட்டுடறாங்க, ஆனா அத எத்தன பேர் படிக்கறோம். சுவாரஸ்யம் என்னன்னா 1969ல சோவியத் அதிகாரிங்க வச்ச குற்றச்சாட்டும் கிட்டத்தட்ட இதேதான், இந்தப் படத்தப் பாத்து மக்கள் கவிஞரோட வாழ்க்கைய தெரிஞ்சுக்க முடியாதுன்னாங்க. ஆனா அவங்க கையில கத்தரி இருந்துச்சு. படத்தோட பேர்லேந்தே சயத் நோவாவ எடுக்க வச்சாங்க, அப்புறம் யுட்கேவிச்ங்கற இன்னொரு டைரக்டர் அத வெட்டி மாத்தி அடுக்கினாரு. 1973ல பரஜானவ கைது பண்ணி பல வருஷம் ஜெயில்ல வச்சாங்க. பாக்கறவன் "புரியல"ன்னு சொல்றதும் அதிகாரி "புரியல"ன்னு சொல்றதும் ஒண்ணில்ல. பாக்கறவன் எந்திரிச்சுப் போனா ஒரு சீட்டு காலியாகும், அவ்ளோதான். அவன ஏன் நாம இவ்ளோ மெரட்டறோம்?

எதிர்பார்ப்புன்னு ஒண்ணு இருக்கு, அதையும் பேசணும். அமெரிக்க டைரக்டர் டெரன்ஸ் மாலிக்கோட 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' 2011ல பிரான்ஸ்ல நடக்கற கான் திரைப்பட விழாவுல கூச்சலும் வாங்குச்சு, கைதட்டலும் வாங்குச்சு, கடைசில பெரிய விருதான தங்கப்பனையும் வாங்குச்சு. பிராட் பிட் இருக்காருன்னு நம்பி தியேட்டருக்குப் போனவங்க நடுவுல பிரபஞ்சம் உருவாகறதும் டைனோசரும் வந்த உடனே திகைச்சுப் போனாங்க. அமெரிக்காவுல ஸ்டாம்ஃபோர்டுங்கற ஊர்ல ஒரு தியேட்டர்ல போர்டே வச்சுட்டாங்க, இது வழக்கமான நேர்கோட்டுக் கதை சொல்ற படம் கெடையாது, தெரிஞ்சுக்கிட்டு உள்ள வாங்க, பணம் திருப்பித் தர மாட்டோம்னு. பலபேர் இத நக்கலா ஷேர் பண்ணாங்க. எனக்கு அது ரொம்ப மரியாதையான போர்டா படுது. இது என்ன மாதிரி படம்னு முன்கூட்டியே சொல்லிடறாங்க இல்லையா. பாதி கோவம் படத்து மேல வர்ற கோவமே இல்ல, ட்ரெய்லர் சொன்ன பொய் மேல வர்ற கோவம். மாதுளையின் நிறத்துக்கும் இது பொருந்தும். 2020ல பாடகி லேடி காகாவோட '911' பாட்டு வீடியோவ டைரக்டர் தர்செம் சிங் இந்தப் படத்தோட பாதிப்புல எடுத்தாரு, அதப் பாத்துட்டு வந்தவங்க அதே வேகத்த இங்க தேடினா கெடைக்காது.

இன்னொரு வாதம் இருக்கு, எனக்கு சுத்தமா ஒப்புதல் இல்லாதது. "அந்தக் காலத்துல கூச்சல் போட்டவன் முட்டாளாயிட்டான், படம் நின்னுச்சு, அதனால நீயும் வாய மூடு." இதுக்கு எல்லாரும் எடுக்கற உதாரணம் இத்தாலிய டைரக்டர் அந்தோனியோனியோட 'லா அவ்வெந்தூரா'. 1960ல கான்ல அத பாத்து கத்தினாங்க, சிரிச்சாங்க. அப்புறம் டைரக்டர்களும் விமர்சகர்களும் படத்துக்கு ஆதரவா கையெழுத்துப் போட்டு அறிக்கை விட்டாங்க, ஜூரி பரிசு கெடைச்சுது, 1962ல 'சைட் அண்ட் சவுண்ட்'ங்கற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை உலகத்தோட சிறந்த படங்களுக்கு நடத்தின வாக்கெடுப்புல ரெண்டாவது எடத்துக்கே வந்துடுச்சு. எல்லாம் உண்மை. ஆனா கத்தினவங்க முட்டாளா? ஒரு தீவுல ஒரு பொண்ணு காணாமப் போறா, தேடறாங்க, தேடறதையே மறந்துட்டு வேற காதல்ல விழுந்துடறாங்க, அவ கடைசி வரைக்கும் கெடைக்கவே மாட்டா. நம்மள இப்படி அந்தரத்துல விட்டுட்டாங்களேன்னு கத்தினவனுக்கு படம் செஞ்ச காரியம் நல்லாவே உறைச்சிருக்கு, மரியாதைக்கு கைதட்டிட்டுப் போனவனவிட. ரஷ்ய டைரக்டர் தார்கோவ்ஸ்கிக்கு அவரோட 'கண்ணாடி' படம் பாத்துட்டு வந்த கடிதங்கள்ல ஒண்ணு, அரை மணி நேரத்துலயே புரிஞ்சுக்க முயற்சி பண்ணி தலைவலி வந்துடுச்சு, இருந்தும் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன்னு எழுதியிருந்தாங்க. அதத் தன் புத்தகத்துல அவரே எடுத்துப் போட்டிருக்காரு. தலைவலி வர்ற அளவுக்கு முயற்சி பண்ண ஒருத்தர விட நல்ல ரசிகர் எங்க கெடைப்பாங்க?

அழகா இருந்து உள்ள ஒண்ணுமே இல்லாத படமும் ஏராளம், அத சொல்லாம விட்டா நான் பேசினது நேர்மையா இருக்காது. சூரிய அஸ்தமனம், ட்ரோன் ஷாட், ஸ்லோமோஷன்ல பறக்கற துணி, யாருக்கு என்ன நடந்தாலும் அதே அழகு. 1975ல வந்த 'பேரி லிண்டன்' படத்த டைரக்டர் குப்ரிக் எடுத்தப்போ மெழுகுவத்தி வெளிச்சத்துலயே படம் புடிக்கணும்னு நாசாவுக்காக ஸைஸ் கம்பெனி செஞ்ச லென்ஸ கொண்டு வந்தாரு, எஃப் 0.7, அதாவது கொஞ்ச வெளிச்சத்தயும் நெறைய உள்ள வாங்கற அளவுக்கு அகலமா தொறக்கற லென்ஸ். அதுல ஃபோக்கஸ் ரொம்ப ரொம்ப மெல்லிசா இருக்கும், நடிகர் கொஞ்சம் முன்னால சாஞ்சாலும் முகம் கலங்கிடும், அதனால அசையாம உக்காரணும். அந்த அசையாமையிலதான் அந்தப் பணக்கார உலகத்தோட இறுக்கமே தெரியுது. அழகு அங்க ஒரு வேல பாக்குது. என்ன வேலன்னு சொல்ல முடியாத அழகா இருந்தா "சும்மா அழகு"ன்னு திட்டறவங்க பக்கம்தான் நானும் நிப்பேன்.

அப்புறம் இந்த "விளக்கம்" வீடியோக்கள். மாதுளைன்னா இது, ஆடுன்னா அது, மயில்னா இதுன்னு அகராதி மாதிரி அடுக்கறாங்க. வெள்ளத் துணி மேல மாதுளைச் சாறு பரவற ஷாட்ல அந்தக் கறை பழைய ஆர்மீனியாவோட எல்லை வடிவம்னு சொல்லுவாங்க, தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான், ஆனா தெரியாதவங்களுக்கு அது ரத்தமாத்தான் தெரியும், அது ஒண்ணும் தப்பான பார்வை இல்ல. மொதல்ல கறை பரவறத பாருங்க, வரைபடம் அப்புறம் வரட்டும்.

பாக்கணும்னு நெனைக்கறவங்க 2014ல புதுப்பிச்ச பிரிண்ட்ட தேடிப் பாருங்க. மங்கிப்போன காப்பில பாத்துட்டு புடிக்கலன்னு சொன்னா அந்த சண்டையில நான் கலந்துக்க மாட்டேன், ஏன்னா அந்த சிவப்ப நீங்க இன்னும் பாக்கல. நல்ல பிரிண்ட்ல பாத்தும் புடிக்கலன்னா எந்த ஷாட்ல விட்டுப் போச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, சர்ச்சுக்குள்ள ஆட்டுக்கூட்டம் நெறையற காட்சியா இருந்தா அதப் பத்தி பேச எனக்கும் நெறைய இருக்கு.