எட்டே பேர் ஆடினால் சுவாரஸ்யம் இருக்காதா?
'எட்டு முன்னணி வீரர்கள் மட்டுமே ஆடியதால் யார் ஜெயிப்பார்கள் என்பது முன்பே தெரிந்த கதை, அதனால்தான் சாம்பியன்ஸ் லீக் ஆஃப் டார்ட்ஸ் நான்கே ஆண்டில் முடிந்தது' என்று டார்ட்ஸ் (பலகையில் சிறு அம்பு எறியும் விளையாட்டு) பற்றிய இந்தக் கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 2016 முதல் 2019 வரை நடந்த நான்கு போட்டிகளில் நான்கு வெவ்வேறு பேர் ஜெயித்திருக்கிறார்கள். முதல் ஆண்டு கார்டிஃபில் ஃபில் டெய்லர், அதுவும் 56 வயதில். 2018-ல் கேரி ஆண்டர்சன், 2019-ல் மைக்கேல் வான் கெர்வென். நடுவில் 2017-ஐப் பாருங்கள்: மென்சுர் சுல்யோவிச் கோப்பையைத் தூக்குவார் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? நிதானமாக எறியும் அந்த ஆஸ்திரியர் இறுதியில் ஆண்டர்சனை 11-9 என்ற லெக் (ஒரு தனி ஆட்டம்) கணக்கில் வீழ்த்தினார். எனக்கு மிகவும் பிடித்த இறுதிப்போட்டிகளில் அது ஒன்று. 2019 இறுதியோ 11-10, பீட்டர் ரைட் கடைசி லெக்கில்தான் தோற்றார். இதையா முன்பே தெரிந்த கதை என்பது? இரண்டே நாளில், நான்கு பேர் கொண்ட இரண்டு குழுக்களாக ஆடும் முறை என்பதால் ஒரு தோல்வியோடு யாரும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் இது ஸ்கை என்ற கட்டணச் சேனலின் போட்டி என்று எழுதியிருக்கிறார். இல்லை, இதை ஒளிபரப்பியது பிபிசி. விளம்பர இடைவேளை இல்லாமல், தனிக் கட்டணம் கட்டாமல் பிரிட்டன் ரசிகர்கள் பார்க்க முடிந்த போட்டி இது. கட்டுரை அதைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டும்.