வாளிக்குள் ஒரு தொழிற்சாலை

(பரந்தன் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. மத்தியான வெயில்.)

தங்கச்சி: அண்ணை, கழுவுகிற குளோரின் ஒரு போத்தல், வினாகிரி ஒரு போத்தல், அப்பச்சோடா இரண்டு பக்கெற், கற்பூரம் ஒரு பெட்டி.

கடைக்காரர்: வீட்டில் விசேஷமோ?

தங்கச்சி: வெடில் அண்ணை! வீடு முழுக்க ஒரே நாற்றம். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து ஒரேயடியாகக் கழுவப் போகிறேன்.

(போத்தலை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.)

கடைக்காரர்: பிள்ளை, குளோரினுக்குள் வினாகிரியை ஊற்றினால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். நெஞ்சை அடைத்துவிடும். அந்த குளோரின் வாயுவை எடுக்க அரசாங்கம் இதே பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை கட்டி நடத்தியது. நீ ஒரு வாளிக்குள் காரியத்தை முடிக்கப் பார்க்கிறாய்!

தங்கச்சி: சரி, குளோரின் மலசலகூடத்துக்கு மட்டும்.

கடைக்காரர்: அதற்கும் முதலில் நிறையத் தண்ணீர் ஊற்று. சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தாலும் கண்ணை எரிக்கிற வாயுதான். கதவைத் திறந்து வை.

தங்கச்சி: அப்ப வினாகிரியையும் சோடாவையும் கலக்கிறேன்.

கடைக்காரர்: தாராளமாக. பொங்கி நுரைக்கும், பார்க்க வடிவு. பிறகு புளிப்பும் போய்விடும், சோடாவும் போய்விடும். இரண்டுக்கும் காசு வாங்குகிறவன் நான், எனக்கென்ன நட்டம்?

தங்கச்சி: அப்ப என்னதான் செய்ய?

கடைக்காரர்: சோடாவைக் கிண்ணத்தில் போட்டு பிரிட்ஜுக்குள் திறந்து வை. மீன் வெட்டின இடத்துக்கு வினாகிரி, இல்லாவிட்டால் தேசிக்காய். மீன் வெடில் புளிப்புக்கு அடங்கும். அதுதானே மீனைப் புளி போட்டுக் கழுவுகிறோம். கற்பூரம் மட்டும் வேண்டாம். கருவாட்டுக்குப் பூசை செய்த மாதிரி இருக்கும்.

தங்கச்சி: கருவாடா? நான் கருவாடு என்று சொல்லவே இல்லையே!

(கடைக்காரர் தராசைத் துடைக்கத் தொடங்குகிறார். தராசு ஏற்கெனவே சுத்தம்.)

தங்கச்சி: அண்ணை!

கடைக்காரர்: மாமிதான்... கனடாவில் இருந்து மகன் வருகிறான் என்று இரண்டு கிலோ கட்டாக் கருவாடு வாங்கினவ. கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைக்கப்போவதாகச் சொன்னவ.

தங்கச்சி: எப்ப?

கடைக்காரர்: தைப்பொங்கலுக்கு முதல் கிழமை.

தங்கச்சி: அவர் வருவது வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு!

கடைக்காரர்: தங்கச்சி, வினாகிரி இனாம். மாமியிடம் என் பெயரை மட்டும் சொல்லிப்போடாதே.