ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லும் ஹோட்டல் முதலாளிமாருக்கு

யாழ்ப்பாணத்தில் எந்த ஹோட்டல்காரரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. வேலைக்கு ஆள் இல்லை, வந்தவனும் நிலைப்பதில்லை. கொத்து ரொட்டி மாஸ்டர் முற்பணம் வாங்கிய கையோடு காணாமல் போய்விட்டார். வெயிட்டர் தம்பி நல்லூர்த் திருவிழா நடுவில் பக்கத்துக் கடைக்கு மாறிவிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உழைக்க மனமில்லை, எல்லோரும் கனடாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கதையை முடித்துவிடுகிறார்கள்.

நான் இங்கே சில விடுதிகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன். சம்பள விபரங்கள் என் கையால்தான் போகின்றன. ஆள் நிலைக்காததற்குக் கனடாவை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. அவன் நிற்பதற்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

ஒரு கடையில் மேசை லாச்சிக்குள் ஒரு கொப்பி இருந்தது. சமையலறையில் இரண்டு வருடத்துக்கு மேல் வேலை செய்யும் வன்னிப் பிள்ளையின் பெயருக்கு அதில் ஒரு பக்கம். முற்பணம் 2,000. தட்டு உடைந்தது, 900 கழிவு. மூன்று நாள் வரவில்லை, கழிவு. தாய்க்குச் சுகமில்லை, 5,000. நியமனக் கடிதம் கிடையாது, ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதியின் (EPF) இலக்கம் கிடையாது, சம்பளச் சீட்டு கிடையாது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் அவன் அங்கே வேலை செய்ததற்கு ஒரு தடயமும் இல்லை. பக்கத்துக் கடைக்காரர் 3,000 ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் அவன் எதை நினைத்துத் தயங்க வேண்டும்?

1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஹோட்டலையும் சாப்பாட்டுக் கடையையும் சேர்த்துத்தான் பேசுகிறது. வேலைக்கு எடுக்கும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை.

இப்போது நம் கடைகளைப் பாருங்கள். காலை பத்து மணிக்கு வருகிறவன் இரவு பத்துக்குப் போகிறான். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலத்தைக் கழித்தாலும் ஆறு நாளில் 66 மணித்தியாலம். மேலதிக நேரக் காசை ஒழுங்காகக் கொடுத்தாலும் சட்டம் விடுவது 57 தான். பெரும்பாலான இடங்களில் அந்தக் காசும் இல்லை. "சாப்பாடும் படுக்க இடமும் கொடுக்கிறோமே" என்பார்கள். கொடுப்பது நல்ல விடயம். ஆனால் 66 மணித்தியாலத்துக்கு அது பதிலாகாது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், குறித்துரைக்கப்பட்ட தொழில்களில் முதலாளி கொடுக்கும் சமைத்த உணவின் பெறுமதியையும், நிதிக்குக் கட்டும் தொகையைக் கணிக்கும்போது, உழைப்பூதியமாகவே கணக்கில் எடுக்கிறது.

சேமலாப நிதியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிகம் மறைக்கப்படுவது அதுதான். ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். திருவிழாக் காலத்துக்கு மட்டும் எடுத்த தற்காலிக ஆளுக்கும் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு (ETF) முதலாளி 3 வீதம். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகிவிட்டது. அந்த 30,000 ரூபாய்க்கு முதலாளி கையிலிருந்து போவது மாதம் 4,500. சேமலாப நிதியில் மட்டும் மாதம் 6,000 சேர்கிறது. ஐந்து வருடத்தில், வட்டி சேர்க்காமலே, 360,000. கட்டாமல் விட்டுப் பிடிபட்டால் மிகைக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். அதுவும் முதலாளியின் தலையில்தான் விழும்.

பதினைந்து பேரானால், வேலையை விட்டுப் போகிறவருக்குப் பணிக்கொடை கொடுக்க வேண்டி வரும் என்று பட்டியலில் பதினான்கு பேரை மட்டும் காட்டுகிற பழக்கமும் இருக்கிறது. 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பதினைந்து பேர் என்றுதான் சொல்கிறது: ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். ஆனால் அதைவிடக் குறைந்த ஆட்களுள்ள இடத்தில் வேலை செய்தவரும் பணிக்கொடை கேட்டு, தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நியாயமில்லாமல் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் அங்கே விண்ணப்பிக்கலாம். அதற்கு எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற கணக்கே கிடையாது. இரவு பத்து மணிக்குக் கல்லாவில் நின்று "நாளையிலிருந்து வராதே" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விளக்கம் கேட்ட கடிதம் இல்லை, விசாரணை இல்லை, அவன் உண்மையிலேயே களவெடுத்திருந்தாலும் காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

எனக்கு மனம் பொறுக்காதது இன்னொன்று. நம் முதலாளிமாரில் எத்தனையோ பேர் பாரிஸிலும் லண்டனிலும் உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி, வெங்காயம் உரித்து முன்னேறியவர்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். பிரான்சில் மாதாமாதம் கிடைத்த சம்பளச் சீட்டை அவர்கள் கோப்பில் போட்டுப் பொன்போல் காத்தார்கள், வதிவிட அனுமதிக்கு அதுதான் ஆதாரம் என்பதால். ஒரு காகிதத்தின் பெறுமதியை அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அப்படியிருக்க, ஊருக்கு வந்து விடுதி கட்டியதும் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த பிள்ளைக்கு அதே காகிதத்தை எப்படி மறுக்க முடிகிறது? "அவன் என் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்கிறார்கள். வீட்டுப் பிள்ளை என்றால் அவன் பெயரில் ஏதாவது சேர்த்து வைக்க மாட்டோமா?

பில்லில் போடும் 10 வீத சேவைக் கட்டணமும் அப்படித்தான். வாடிக்கையாளர் அது பரிமாறியவனுக்குப் போகிறது என்று நம்பித்தான் கொடுக்கிறார். அதை எப்படிப் பங்கிடுகிறீர்கள் என்று சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பாத்திரம் கழுவுகிறவருக்கும் அதில் பங்கு வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பமானதும் "நீயே நின்றுவிடு" என்று சொல்வது சட்டவிரோதம். பிரசவ விடுமுறை 84 நாட்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84.

முதலாளிமாரின் கஷ்டத்தை நான் அறியாதவன் அல்ல, அவர்கள் கணக்கும் என்னிடம்தான் இருக்கிறது. திருவிழாக் காலத்திலும் டிசம்பரிலும் அறை நிரம்பும், மற்ற மாதங்களில் மின்கட்டணத்துக்கே இழுபறி. அதற்காகத்தான் சொல்கிறேன்: சம்பளத்தோடு இரண்டு நிதிக்கும் நீங்கள் கட்ட வேண்டிய 15 வீதத்தையும் முதலிலேயே சேர்த்துவிட்டு அறை வாடகையையும் சாப்பாட்டு விலையையும் தீர்மானியுங்கள். சீசனுக்கு எடுப்பவரை எத்தனை மாதத்துக்கு என்று எழுதியே எடுங்கள். நான் கணக்குப் பார்க்கும் ஒரு சிறிய கடையில் அப்படித்தான் செய்கிறார்கள். அங்கே தோசை மாஸ்டர் மாறவில்லை. வேறிடத்தில் கூடுதல் சம்பளத்துக்கு அழைத்தபோதும் அவர் போகவில்லை.

நியமனக் கடிதம், வரவுப் பதிவு, சம்பளச் சீட்டு மூன்றுக்கும் தமிழில் மாதிரிப் படிவங்கள் வைத்திருக்கிறேன். முதலாளியோ ஊழியரோ, வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். சேமலாப நிதிப் பதிவுக்கு யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எந்த ஆவணங்களைக் கொண்டுபோவது என்பதையும் எழுதித் தருகிறேன்.